சித்திக்குள் இருந்தவள்

என் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவளைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. புதிதாக வந்த மருமகளைப் பற்றி ஒரு வீட்டில் ஒருவருக்குமே குறை இல்லையென்றால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அப்போது யாரும் அப்படி யோசிக்கவில்லை.

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே மயிலம் மலையைப் பார்த்தபடி நடந்தால் எங்கள் ஊர் வரும். விழுப்புரம் தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊரில் வேதக்காரர்கள் என்று பெயர் வாங்கிய கிறிஸ்தவர்களான நாங்கள் ஒரு தெரு அளவுக்கு இருந்தோம். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பாவின் தம்பியான சித்தப்பா, திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் ஆயில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தார். அம்மா இருந்தாள், நான் இருந்தேன். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வந்த பிறகு எங்கள் வீட்டில் வேலை என்று ஒன்று மிச்சமே இருக்கவில்லை. நாங்கள் எழுந்திருப்பதற்குள் வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பாத்திரம் துலக்கிக் கவிழ்த்து வைத்திருப்பாள். துலக்கியதையே மறுபடி எடுத்துத் துலக்குவாள். மல்லாட்டை பிடுங்கிய நாட்களில், கூலிக்கு வந்த பெண்கள் ஒரு குவியலுக்குக் காய் ஆய்வதற்குள் சித்தி தன் குவியலை முடித்துவிட்டு அவர்களுடையதில் கை வைப்பாள். அவள் விரல்கள் போகிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா முதல் தடவையாகப் பகலில் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் மற்றப் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, "எங்க புடிச்சீங்க இந்தப் பொண்ண" என்று கேட்பார்கள். ஏதோ தானே செய்து வைத்தது மாதிரி அம்மா சிரித்துக்கொள்வாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. பெரியவர்கள் யாரும் ஓட மாட்டார்கள். சித்தி ஓடுவாள். பள்ளிக்கூடம் வரைக்கும் என்னோடு பந்தயம் வைத்து ஓடி வந்து, விட்டுவிட்டு, திரும்பவும் ஓடியே போவாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. பேச ஆரம்பித்தால் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, முதல் பேச்சு என்ன என்று எங்கள் இருவருக்குமே மறந்துபோகும்.

அம்மா இல்லாமல் வளர்ந்தவள் அவள். அவளுடைய அப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு வேறு பிள்ளைகளோடு இருந்தார். அதனால் பிறந்த வீட்டுக்கு அவள் போனதே இல்லை. அதையும் எங்கள் வீட்டில் ஒரு நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மார்கழி வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் பனி நன்றாகவே இறங்கும். காலையில் தெருவில் குப்பையைக் கொளுத்திக் குளிர் காய்வோம். சித்தி மட்டும் தலைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு வாசலில் நிற்பாள். அப்படியும் அவள் ரவிக்கை முதுகில் வேர்வையில் நனைந்திருக்கும். கேட்டால், "ஒடம்பு எரியுதுக்கா" என்று அம்மாவிடம் சொல்வாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது அவள் உள்ளங்கை என் காதில் பட்டால் அடுப்பிலிருந்து பானை இறக்கிய துணி பட்டதுபோலச் சூடாக, ஈரமாக இருக்கும். பின்னல் வர வரக் கோணலாகிக்கொண்டே போனது. முதலில் என் தலைதான் ஆடுகிறது என்று என்னைத் திட்டினாள். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டாள். பின்னுவதையும் நிறுத்திவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டியபோதுதான் அம்மா கவனித்தாள். மண்பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சித்தி வைக்கோலில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று ராஜாக்களில் ஒருவரை எடுத்தபோது அவள் கையில் அந்த ராஜா நடுங்கினார். தானாக உயிர் வந்து உதறுவதுபோல நடுங்கினார். பிறகு விழுந்து உடைந்தார். சித்தி உடைந்ததைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டு மாட்டுக்குடிலுக்கு இரண்டு ராஜாக்கள்தான் வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அவள் சாப்பிடுவது ஒரு ஆள் சாப்பாடு இல்லை. காலையில் கேப்பைக்கூழ் குண்டான் காலியாகும். மத்தியானம் எல்லாருக்கும் போட்டுவிட்டு, அடுக்களையில் தனியாக உட்கார்ந்து, மிச்சத்தையெல்லாம் வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொள்வாள். அப்புறம் பானையைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். இவ்வளவு சாப்பிட்டவள் பருத்திருக்க வேண்டும். கல்யாண ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தும் அது தோளிலிருந்து நழுவியது. வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. தலையைச் சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது.

நடுவில் அவளுக்கு மாதம் தள்ளிப்போனது. வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். பசிக்கும் அதுதான் காரணம் என்றார்கள். அம்மா அவளை மாங்காய் தின்ன வைத்தாள். கொஞ்ச நாளில் அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். உடம்பில் ரத்தமில்லை, பலவீனம் என்று சொல்லி ஊசி போட்டு, சிவப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். சித்தி அந்த டானிக்கையும் குடித்தாள், பசி இன்னும் கூடியது.

பிறகு கண்கள். எந்த நாளில் அது தொடங்கியது என்று சொல்ல முடியாது. தினம் பார்க்கிற முகத்தில் மாற்றம் மெதுவாகத்தான் தெரியும். கறுப்பு விழிக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்தது. பெரியதாக எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள்போல எப்போதும் இருந்தாள். நம்மோடு பேசும்போதும் நம் தலைக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் பார்ப்பதுபோல இருக்கும். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். நானும் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஏதோ காரணத்துக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டில் யாரும் இல்லை. கூடத்தில் சித்தி பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கத்தில் போய்க் குனிந்து கூப்பிட்டேன். என் முகம் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு ஈ அவள் கன்னத்தில் உட்கார்ந்து, மெல்ல நடந்து, இமை ஓரம் வரைக்கும் போனது. இமை அசையவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்து போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு இடம் துள்ளித் துள்ளி அடித்தது, தோலுக்குள்ளே ஏதோ மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடுவதுபோல.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கொல்லை வரைக்கும் ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டாள். அன்றைக்கே மயிலத்துக்கு ஆள் போனது.

மயிலத்தில் இருந்தது என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் கடைசிப் பேச்சு அவளுடையது. அத்தை வந்து, சித்தியைத் தன் எதிரே உட்கார வைத்து, வெற்றிலை போட்டபடியே நெடுநேரம் பார்த்தாள். சித்தியும் பார்த்தாள். அத்தைதான் முதலில் பார்வையை எடுத்தாள்.

"சாப்புடறது இவ இல்ல" என்று பிறகு அம்மாவிடம் அடங்கின குரலில் சொன்னாள். "உள்ள வேற ஒண்ணு குந்திக்கினு சாப்புடுது. அதுக்குத்தான் ஒடம்பு ஏறல. வயித்துல தங்கனதயும் அதான் தின்னுடுச்சி."

இதைக் கேட்டதிலிருந்து நான் சித்தியிடம் போவதில்லை. சித்தப்பா அதற்கு முன்பே போவதை நிறுத்தியிருந்தார். பட்டறையிலிருந்து வந்ததும் கயிற்றுக்கட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பூவரச மரத்தடியில் போட்டுக்கொள்வார். காற்று வருகிறது என்று சொல்வார். மார்கழியில் அவ்வளவு காற்று தேடியவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

சித்திக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வேலையை இன்னும் அதிகமாகச் செய்தாள். ஆனால் இப்போது பெருமைப்பட ஆள் இல்லை. துலக்கிய பாத்திரத்தை அம்மா யாருக்கும் தெரியாமல் மறுபடி அலம்பினாள். சில சமயம் சித்தி ஒன்றுமில்லாததற்குக் கத்துவாள், உடனே அழுவாள். மாட்டுத்தொட்டி அருகே கீழே உட்கார்ந்தவள் ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

விழுப்புரத்துக்கு அந்தாண்டை ஒரு கிராமத்தில் அந்தோணியார் கோயில் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் பேய் பிடித்தவர்களை அங்கே கொண்டுபோவார்கள். குணமாகும்வரை அங்கேயே தங்க வைக்க வேண்டும் என்று அத்தை முடிவு செய்தாள். குணமாகாவிட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். அத்தை கொடியிலிருந்து சித்தியின் துணிகளை உருவ ஆரம்பித்தாள். சித்தியின் புடவைகள் அத்தனையும் ஒரே பையில் கட்டப்பட்டதை நான் பார்த்தேன். தங்குவதற்கென்றாலும் எதற்கு இவ்வளவு என்று மட்டும் நினைத்தேன்.

சித்தி ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

"புள்ளையும் வரட்டும்" என்றாள்.

அந்த நாட்களில் அவள் கேட்டதை மறுக்க எல்லாரும் பயந்தார்கள். கேட்பது அவளா, மற்றதா என்று தெரியாதே. அதனால் நானும் கிளம்பினேன். சித்தப்பா, அத்தை, சித்தி, நான்.

விழுப்புரத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் சித்தி, அவள் பக்கத்தில் நான். கூட்டத்தில் என்னை அவள்மேல் சாய்த்துவிட்டார்கள். என் காது அவள் மார்பில் பதிந்தது. அவளுக்குள் கேட்ட சத்தத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். சித்தப்பா பட்டறையில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும்போது பக்கத்துத் தகரமெல்லாம் அதிருமே, அதுபோல அவள் உடம்பு முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் தலையை எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். எடுக்க இடமில்லை.

அப்போதுதான் எதிரே பார்த்தேன்.

டிரைவருக்குப் பக்கத்தில், எங்களைப் பார்த்தாற்போல இருந்த சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சித்தியைவிட வயதில் மூத்தவர், தடித்த உடம்பு. முகம் வேறு, நிறம் வேறு. ஆனால் கண்கள் சித்தியின் கண்கள். அதே வெள்ளைக் கோடு, அதே திடுக்கிட்ட பார்வை. இரண்டு பேர் முகத்தில் ஒரே ஜோடிக் கண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த அம்மா சித்தியையே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் எத்தனையோ பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் பார்வை நகரவில்லை. ஒரு திருப்பத்தில் அவர் கம்பியைப் பிடிக்க நிமிர்ந்தபோது முந்தானை விலகியது. கழுத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு கோடு. கழுத்தை அறுத்து ஒட்டியதுபோல ஒரு கோடு.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தையும் பார்த்துவிட்டிருந்தாள். அவள் மடியில் செபமாலை வேகவேகமாக உருண்டுகொண்டிருந்தது.

நாங்கள் இறங்கிய இடத்தில் அந்த அம்மாவும் இறங்கினார். கோயிலுக்குப் போகிற மண்சாலையில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அதே தூரத்தில் இருந்தார். சித்திக்குள்ளே இருப்பதைக் கழற்றி வைக்கத்தான் நாங்கள் போகிறோம், அது எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது கேட்டுவிடும்.

கோயிலுக்கு வெளியே வேப்பமரங்களுக்கு அடியில் மணல் பரப்பியிருந்தது. அங்கேதான் ஆடினார்கள். முடியை அவிழ்த்துப்போட்ட பெண்கள் இடுப்பிலிருந்து சுழன்றார்கள். முடி மணலைப் பெருக்கியது. ஒருத்தி ஆண்குரலில் சிரித்தாள். யாரும் அவளைத் தனியாகப் பார்க்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள்போல ஜனங்கள் நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். சித்தியைக் கொண்டுபோய் அவர்கள் நடுவே உட்கார வைத்தார்கள். அவள் ஆடவில்லை. விறைத்து உட்கார்ந்து, கண்ணைக் கொட்டாமல் எதிரே பார்த்தாள். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஆடுகிறவர்களைவிட ஆடாமல் இருந்த அவளைத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் பயந்து பார்த்தார்கள்.

செபம் சொல்கிற ஒரு வயதான ஆள் வந்தார். மந்திரித்த தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கேட்டார்.

"யாரு நீ? சொல்லு."

சித்தி தன் பெயரைச் சொன்னாள்.

"அதக் கேக்கல. உள்ள இருக்கறது யாரு?"

சித்தி மறுபடி தன் பெயரைச் சொன்னாள். அவள் அப்பா பெயர், பிறந்த ஊர், சித்தப்பா பெயர் எல்லாம் சொன்னாள். ரேஷன் கடையில் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னாள்.

"பொய் சொல்லுது" என்றாள் அத்தை.

அந்த ஆள் விடவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். சித்தியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவள் சித்தப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மணலைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியலிங்க."

"ஆங்" என்றார் அவர். அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே இருப்பது இறங்கி வர ஆரம்பித்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். தெரியவில்லை என்று ஒரு பேய் சொல்லும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தார். நேராக வந்து சித்தியின் எதிரே மணலில் குந்தினார். ஒரே கண்கள் இரண்டு பக்கமும் இருந்து ஒன்றையொன்று பார்த்தன.

"கைய நீட்டும்மா" என்றார்.

சித்தி இரண்டு கையையும் நீட்டினாள். அந்த அம்மா தன் இடுப்புப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின்மேல் வைத்தார். மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. அந்தத் துண்டுக் காகிதம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

"படபடப்பா இருக்குதா? படியேறுனா மூச்சு வாங்குதா?"

சித்தி தலையாட்டினாள்.

"குந்துனா எழுந்துக்க முடியலியா? வயிறு சும்மா சும்மா போவுதா? மாசம் சரியா வர்றதில்லியா?"

ஒவ்வொன்றுக்கும் சித்தி தலையாட்டினாள். நாங்கள் யாரும் கேட்காததையெல்லாம் அவர் கேட்டார். பிறகு என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி, சித்தியைக் குடிக்கச் சொல்லி, அவள் தொண்டையையே பார்த்தார். அவள் விழுங்கியபோது கழுத்துக்குக் கீழே முட்டைபோல ஒன்று மேலே ஏறி இறங்கியதை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"யாரும்மா நீ? இதெல்லாம் ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அத்தை கேட்டாள். அவள் குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் ஒரு அடி பின்னாலும் போயிருந்தாள்.

"எனக்கு இருந்துதுங்க" என்றார் அந்த அம்மா. "இதே மண்ணுல ஆறேழு மாசம் கெடந்தேன். என் அண்ணன் வந்து பாண்டிக்கி இஸ்துகினு போனான். பெரியாஸ்பத்திரில பாத்துட்டு, கழுத்துல இருக்கற சுரப்பி அளவு மீறி வேல செய்யுதுன்னாங்க. அறுத்து எடுத்தாங்க." முந்தானையை நகர்த்திக் கோட்டைக் காட்டினார். "அந்தோணியாருக்குத் தோத்திரம் சொல்லத்தான் வருஷா வருஷம் வர்றேன். அவரு மேல எனக்குக் கொற இல்ல. அவருதான் எங்கண்ணன அனுப்பிச்சாரு."

கழுத்தை அறுத்தார்கள் என்று அவர் சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

சித்தப்பா அதுவரை ஒரு மரத்தடியில் பையோடு நின்றிருந்தார். அவர் கிட்டத்தில் வந்தார். பல மாதங்களாக அவர் சித்திக்கு அவ்வளவு அருகில் வந்ததில்லை.

"அளவு மீறி வேல செய்யுதுன்னா?" என்று கேட்டார்.

"ஒடம்புல இருக்கற அத்தினியும் நிக்காம ஓடும் தம்பி. தூங்குனாக்கூட ஓடும். தின்ன சோறெல்லாம் அந்த ஓட்டத்துக்கே போயிடும். அதுக்குத்தான் இந்த எளப்பு, இந்த வேர்வ. இப்பிடியே உட்டா இதயம் தாங்காதுன்னு சொன்னாங்க எனக்கு."

சித்தப்பா சித்தியின் கழுத்தில் துடிக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவர்னர் போன இன்ஜினு" என்றார், தனக்குள் சொல்வதுபோல. வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிற அந்தப் பாகம் பழுதானால் இன்ஜின் தன் போக்கில் வேகமெடுத்து, தன்னையே உடைத்துக்கொள்ளும் என்று அவர் என்னிடம் முன்பு சொல்லியிருக்கிறார். "அத நிறுத்தலன்னா வெடிச்சிடும்."

"இன்னாடா ஒளர்ற" என்றாள் அத்தை. "வந்த எடத்துல யாரோ சொல்றத கேட்டுக்கினு…"

"பாண்டிக்கிப் போறேன்க்கா."

"செவ்வாக்கெழம பாதில எழுந்து போனா அது சும்மா உடாதுடா."

"போறேன்க்கா" என்றார் சித்தப்பா மறுபடியும். அவர் அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சித்தியின் கையைப் பிடித்துத் தூக்கினார். அவளால் எழ முடியவில்லை. மறுபக்கம் அந்த அம்மா பிடித்தார்.

அத்தை வரமாட்டேன் என்றுவிட்டாள். செபத்தை முடிக்காமல் போகக் கூடாது என்று என்னையும் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். நாங்கள் சாலைவரைக்கும் அவர்களோடு போனோம். பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் சித்தி உட்கார்ந்தாள், அவள் பக்கத்தில் அந்த அம்மா. பஸ் நகரும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஒரே கண்கள் நாலு. சித்தியின் கை அந்த அம்மாவின் கைக்குள் இருந்தது. புழுதியில் பஸ் மறைகிற வரைக்கும் நான் அழுதேன். அத்தை என்னைத் தேற்றவில்லை. அவளும் நான் நினைத்ததையேதான் நினைத்திருந்தாள். வந்தது தன் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சித்தி நெடுநாள் வரவில்லை. சித்தப்பா நடுநடுவே வந்து துணி எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் பேசிவிட்டுப் போவார். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார்கள் என்றெல்லாம் பேச்சு நடக்கும். தைராய்டு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். நான் எதையும் நம்பவில்லை. பெரியவர்கள் செத்துப்போனவர்களைப் பற்றியும் இப்படித்தான், வெளியூர் போயிருக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

இன்றைக்கு யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எதையும் யாரும் மறைத்து வைக்கவில்லை. எல்லாம் எங்கள் எல்லார் கண் முன்னால்தான் நடந்தது. வேகத்துக்குச் சுறுசுறுப்பு என்று பெயர் வைத்தோம். பசியைக் கர்ப்பம் என்றோம். கோபத்துக்குத் திமிர், கண்ணுக்குப் பேய். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்ததில், எல்லாம் சேர்ந்து ஒன்றுதான் என்பது தெரியாமல் போய்விட்டது.

கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் சித்தி வந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. கண்கள் கொஞ்சம் உள்ளே போயிருந்தன, முழுவதும் போகவில்லை, பிறகும் போகவே இல்லை. மாத்திரை டப்பாவை எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று மத்தியானம் பாயில் படுத்தவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்கினாள். வீட்டில் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா கட்டிலை உள்ளே கொண்டுவந்தார். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டோமே என்று சித்தி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை மட்டும் கடைசிவரை, அந்தோணியார் கோயில் தண்ணீர் பட்டதும் அது இறங்கிவிட்டது, மிச்சத்தைத்தான் டாக்டர் பார்த்தார் என்றே சொன்னாள்.

ஆனால் வந்த சித்தி வேறு மாதிரி இருந்தாள். மெதுவாக எழுந்தாள். வாசல் தெளிக்கும்போது பாதியில் நின்று வேப்பமரத்தைப் பார்த்தாள். ஒரு முறம் மல்லாட்டை உரிக்க மத்தியானம் முழுவதும் எடுத்துக்கொண்டாள். குளிருகிறது என்று போர்த்திக்கொண்டாள். அம்மா மறுபடியும் விடியலில் எழ வேண்டியிருந்தது. "முன்ன மாதிரி இல்ல" என்று அம்மா பூசைக்கு வந்த பெண்களிடம் சொன்னாள். அப்பாவும் ஒருமுறை தலையை அசைத்தார். என்னோடு பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தாள், நடந்து வந்தாள்.

ஒருநாள் அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை ஆடவில்லை, பின்னல் நேராக இருந்தது. ஆனால் ரொம்ப நேரம் ஆனது. நான் பொறுமையில்லாமல் கேட்டேன்.

"சித்தி, முன்ன இருந்த சித்தி எப்ப வருவாங்க?"

பின்னால் அவள் கை நின்றது. பிறகு சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அவ வரமாட்டாடி" என்றாள். "நீங்க பொண்ணு பாக்க வந்தப்பவே அவதான் காபி குடுத்தா. நான் இப்பதான் வர்றேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாக ஓடக்கூடிய, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சித்தியை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத இந்த நிதானமான பெண்ணை யாரோ எங்கள் வீட்டில் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ரிப்பன் கட்டி முடித்ததும் அவள் என் தோளைத் தொட்டு, போகலாம் என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் எழுந்து விளையாடப் போய்விட்டேன்.